மருத்துவப் பதிவேடுகளின் பரிமாற்றம்: நாம் சோதிப்பது எதை?

சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வாயிலில் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது மஞ்சள் பை. பஞ்சாலைத் தொழிலாளியோ அவர் வீட்டாரோ, பழைய மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனைத் தாள், எக்ஸ்ரே படம், ஸ்கேன் அறிக்கை ஆகிய அனைத்தையும் அதில் அடுக்கி எடுத்து வருகின்றனர். இதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டால், "எல்லாம் இதுலதானுங்க இருக்குது" என்று பை மேசைமேல் வைக்கப்படுகிறது. மஞ்சள் பையும் ஒரு தகவல் பரிமாற்றக் கருவியே. மழையில் நனையும், பேருந்தில் மறந்து போகும், எலி கடிக்கும். ஆயினும் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. உள்ளே வைத்தது எதுவோ அதுவே வெளியே வரும். அதைப் படிப்பவரும் மருத்துவம் கற்ற மனிதரே.

இந்தப் பையின் வேலையைக் கணிப்பொறிகளிடம் ஒப்படைக்கும் பெருமுயற்சி ஒன்று நம் நாட்டில் நடந்து வருகிறது. 2020 ஆகஸ்டு 15 அன்று புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றியப் பகுதிகளில் தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் என்னும் பெயரில் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்பதே அது. இதில் சேருபவருக்கு 'ஆபா' எனப்படும் 14 இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. பதிவேடுகள் அனைத்தையும் தில்லியில் ஒரே இடத்தில் குவித்து வைப்பதில்லை. எந்த மருத்துவமனையில் பதிவு உண்டாயிற்றோ அங்கேயே அது இருக்கும். நோயாளி இசைவு தந்தால், அந்த மருத்துவமனைக்காக இயங்கும் 'சர்வர்' அதை மறைகுறியாக்கி, கேட்ட இடத்திற்கு அனுப்பி வைக்கும். திட்டத்தின் இந்த அமைப்பு அறிவுடைமையானது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், அனுப்பும் சர்வரை ஒரு நிறுவனம் செய்திருக்கும். பெறும் சர்வரை வேறொரு நிறுவனம் செய்திருக்கும். இவை இரண்டும் ஒன்றை மற்றொன்று புரிந்துகொள்ளும் என்பதற்கு என்ன உறுதி? அந்த உறுதிக்காக நடத்தப்படுவதே இணக்கச் சோதனை. பொதுமக்கள் அறியாத, பத்திரிகைகள் எழுதாத சோதனை இது. இதில் தேறிய பின்னரே ஒரு மென்பொருள் உண்மையான நோயாளிகளின் பதிவுகளைத் தொட அனுமதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையையே இங்கு நாம் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் மொழியைப் பற்றி. மருத்துவக் கணிப்பொறிகளுக்குப் பொதுமொழி வகுக்கும் 'எச்.எல். 7' என்னும் அமைப்பு 1987இல் அமெரிக்காவில் தோன்றியது. ஆஸ்திரேலியரான கிரகாம் கிரீவ் 2011இல் முன்வைத்த கருத்துகளிலிருந்து அவ்வமைப்பின் புதிய மொழி வளர்ந்தது. அதன் பெயர் 'ஃபயர்'. நோயாளி, மருந்துக் கட்டளை, ஆய்வு முடிவு, ஒவ்வாமை என மருத்துவ உலகை அது சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் என்னென்ன கட்டங்கள் இருக்கலாம் என்று வரையறுக்கிறது. 2018 இறுதியில் வந்த இதன் நான்காம் வெளியீட்டை நம் நாடு ஏற்றுக்கொண்டது. புனேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மின்னணு நலப்பதிவுத் தர வள மையம், இதற்கு இந்திய வழிகாட்டி ஒன்றைத் தயாரித்து வெளியிட்டுள்ளது. புறநோயாளி ஆலோசனை, மருந்துச் சீட்டு, ஆய்வுக்கூட அறிக்கை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் சுருக்கம், தடுப்பூசிப் பதிவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு. கட்டின் மேலே ஒரு முகப்புத் தாள், அதன் கீழே பிரிவுகள், பிரிவுகளுக்குள் கூறுகள்.

இந்த வழிகாட்டியைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது யாரும் காசின்றிப் படிக்கக்கூடிய நூல். மாதிரிக் கட்டுகளும் உடன் தரப்பட்டுள்ளன. நோய்களையும் செய்முறைகளையும் குறிக்கும் 'ஸ்னோமெட் சி.டி.' என்னும் குறியீட்டுத் தொகுதியை நடத்தும் பன்னாட்டு அமைப்பில் இந்தியா 2014இல் உறுப்பு நாடானது. ஆகவே நம் நாட்டில் அதைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. கோவையில் ஒரு சிறிய அறையில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து மருத்துவ மென்பொருள் எழுத விரும்பினால், பெரிய நிறுவனத்தின் கையில் இருக்கும் அதே நூல்கள் அவர்கள் கையிலும் இருக்கும். இது சிறிய செய்தி அன்று.

சோதனை நடக்கும் முறையையும் சுருக்கமாகப் பார்ப்போம். மென்பொருள் நிறுவனம் 'சாண்ட்பாக்ஸ்' எனப்படும் சோதனைக் களத்தில் பதிவு செய்துகொள்கிறது. அங்கே கற்பனை நோயாளிகளே உண்டு. மூன்று படிகள்: ஆபா எண்ணை உருவாக்குவதும் சரிபார்ப்பதும் முதல் படி. தன்னிடம் உள்ள பதிவுகளை அந்த எண்ணோடு இணைத்து, கேட்டபோது அனுப்புவது இரண்டாம் படி. பிற இடங்களில் உள்ள பதிவுகளை இசைவு பெற்று வரவழைத்துக் காட்டுவது மூன்றாம் படி. இவற்றோடு பாதுகாப்புத் தணிக்கை ஒன்றும் உண்டு. தேறினால், உண்மைக் களத்திற்கான திறவுகோல் தரப்படும்.

சோதனை என்ற சொல் கோவை வட்டாரத்தாருக்குப் புதியதன்று. நூல் சோதனை பார்த்து வளர்ந்த ஊர் இது. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். 40 சிட்டங்கள் சேர்ந்தால் 40ஆம் நம்பர் நூல். ஆலையில் சிட்டத்தின் ஏழில் ஒரு பங்காகிய 120 கெஜத்தைச் சுற்றி எடுத்து நிறுப்பார்கள். நம்பர் சரியாக வந்துவிட்டது என்பதற்காக நூல் நல்லதென்று எந்த மேஸ்திரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். சராசரி எடை சரியாக இருந்து, இடையிடையே தடிப்பும் மெலிவும் இருந்தால், தறியில் ஏறியதும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஆகவே அதே நூலை இழுத்து வலிமை பார்ப்பார்கள்; சீர்மை பார்ப்பார்கள். இன்னொன்றும் உண்டு: எந்தக் கோனிலிருந்து மாதிரி எடுப்பது என்பதைச் சோதிப்பவர் முடிவு செய்வார், நூற்றவர் முடிவு செய்யமாட்டார். 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் உள்ள ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவப் பதிவேட்டுச் சோதனையில் நாம் இன்னும் நம்பர் பார்க்கும் கட்டத்திலேயே நிற்கிறோம் என்பதே என் முதன்மையான குறை.

எப்படி என்று பார்ப்போம். இந்திய வழிகாட்டியில் மருந்துச் சீட்டுக்கான கட்டில், மருந்துப் பிரிவின்கீழ் இரண்டில் ஒன்று இருக்கலாம். ஒன்று, மருந்தின் பெயர், அளவு, வேளை என்று தனித்தனிக் கட்டங்கள் கொண்ட மருந்துக் கட்டளைக் கூறு. மற்றொன்று, வெறும் இருமக் கோப்பு; அதாவது சீட்டின் புகைப்படம். இரண்டும் இணக்கமானவையே. முகப்புத் தாள் இருக்கிறதா, நோயாளியின் அடையாளம் இருக்கிறதா, தேதி சரியான வடிவில் இருக்கிறதா, பிரிவு இருக்கிறதா என்று சரிபார்க்கும் நிரல் வரிசையாகப் பார்த்து, பிழை ஏதும் இல்லை என்று சொல்லிவிடும். புகைப்படத்தில் இருப்பது மருந்துச் சீட்டா, மளிகைச் சீட்டா என்பது அதற்குத் தெரியாது.

இது ஏட்டுக் கற்பனை அன்று. என் உறவினர் ஒருவரின் பதிவை அண்மையில் கைப்பேசியில் வரவழைத்துப் பார்த்தேன். எந்த மருத்துவமனை என்பது இங்கு வேண்டாம். கட்டு ஒழுங்காக வந்து சேர்ந்தது. பெயர், எண், தேதி எல்லாம் பளிச்சென்று இருந்தன. திறந்தால், சாய்வாக எடுக்கப்பட்ட ஒரு தாளின் படம். வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. மருந்தின் பெயர்கள் தெரிந்தன. எத்தனை வேளை என்பது வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டது. மஞ்சள் பையில் இருந்த தாளில் அது இருந்தது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் ஒருவருக்கு அந்த ஓரம் எவ்வளவு முக்கியம் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். அளவு கூடினால் இரத்தக் கசிவு. குறைந்தால் வால்வில் உறைகட்டி.

படத்தை அனுமதித்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து ஒன்பது மணிக்குள் அறுபது பேரைப் பார்க்கும் மருத்துவரிடம், ஒவ்வொரு மருந்தையும் குறியீடு தேடித் தட்டச்சு செய்யச் சொன்னால் அவர் திட்டத்தை விட்டே ஓடிவிடுவார். ஆகவே படத்திற்கு இடம் விட்டது நடைமுறை தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு. குறை எங்கே என்றால், சோதனையும் கணக்கும் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கின்றன என்பதில்தான். 2023 ஜனவரியில் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இணைக்கப்படும் பதிவுகளுக்கு, பதிவு ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கிட்டது. எண்ணிக்கைக்குப் பணம் கிடைக்குமானால் எது எளிதோ அதுவே பெருகும். படமாக எத்தனை, பொருள் விளங்கும் கூறுகளாக எத்தனை என்று தனித்தனியே எண்ணி வெளியிடுவது கணிப்பொறிக்கு ஒரு நொடி வேலை.

சரி, கூறுகளாகவே அனுப்பினால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. ஃபயர் மொழியில் ஒரு கட்டத்திற்கும் குறியீட்டுத் தொகுதிக்கும் உள்ள பிணைப்பு நான்கு வகைப்படும். கட்டாயம் என்றால் பட்டியலில் உள்ளதையே எழுத வேண்டும். விரிவாக்கத்தக்கது என்றால் பட்டியலில் பொருத்தமானது இல்லாதபோது மட்டும் வேறொன்றை எழுதலாம். விரும்பத்தக்கது என்றால் பட்டியலைப் பயன்படுத்துவது நல்லது, பயன்படுத்தாவிட்டாலும் பிழையாகாது. எடுத்துக்காட்டு என்றால் பட்டியல் ஒரு மாதிரிக்காக மட்டுமே. பின்னிரண்டு வகைகளில் எதை எழுதினாலும் சரிபார்க்கும் நிரல் வாய் திறவாது. உலகத்தார் அனைவருக்கும் பொதுவான மொழி என்பதால் இந்தத் தளர்ச்சி தேவைப்பட்டது. ஒவ்வொரு நாடும் தன் வழிகாட்டியில் அதை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இறுக்காமல் விட்ட இடமெல்லாம் சோதனைக்குக் கண் தெரியாத இடம்.

இவற்றுள் மிக ஆபத்தானது ஒன்று: வெற்றிடம். ஒரு பதிவில் ஒவ்வாமைக் கூறு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதன் பொருள் என்ன? நோயாளிக்கு ஒவ்வாமை ஏதும் இல்லை என்பதா? கேட்கவே இல்லை என்பதா? கேட்டு எழுதியிருந்தும் அனுப்பும் மென்பொருள் அதைச் சேர்க்கவில்லை என்பதா? அறியப்பட்ட ஒவ்வாமை ஏதும் இல்லை என்று தெளிவாகச் சொல்வதற்கு ஸ்னோமெட்டில் தனிக் குறியீடே இருக்கிறது. ஆனால் வெற்றிடமும் வடிவத்தால் பிழையற்றது. பெறும் மென்பொருள் அந்த வெற்றிடத்தைத் திரையில் 'ஒவ்வாமை: இல்லை' என்று காட்டிவிட்டால், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவரின் கையில் அந்த ஊசி ஏறுவதற்கு வழி திறந்துவிடுகிறது. அனுப்பியவரும் சோதனையில் தேறியவர், பெற்றவரும் தேறியவர். பொருள் மட்டும் நடுவழியில் மாறிவிட்டது.

அளவைகளும் அப்படியே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் என்று எழுதுகின்றனர்; நாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதுகிறோம். அங்கே 7 என்பது இங்கே 126. அடிப்படை ஃபயர் வரையறையில் எண் இருந்து அளவை இல்லாமற்போனாலும் பிழை எழாது.

அடுத்த குறை, வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்திருப்பது. இதில் நமக்குப் பாடமாக அமைந்த வழக்கு அமெரிக்காவில் நடந்தது. அங்கே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்றளிக்கப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தும் மருத்துவர்களுக்கு அரசு பெரும் ஊக்கத்தொகை வழங்கியது. சான்றுக்கான நிபந்தனைகளுள் ஒன்று, மருந்துகளைப் பொதுக் குறியீட்டால் குறிக்க வேண்டும் என்பது. அங்குள்ள மருந்துக் குறியீடுகள் பல்லாயிரம். சோதனையில் கேட்கப்பட்டவையோ 16. 'ஈ கிளினிக்கல் ஒர்க்ஸ்' என்னும் நிறுவனம், முழுத் தொகுதியிலிருந்து எந்தக் குறியீட்டையும் எடுக்கும் திறனை உருவாக்காமல், அந்தப் பதினாறை மட்டும் மென்பொருளுக்குள் நேரடியாக எழுதி வைத்துச் சோதனையில் தேறியது என்று அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. 2017 மே மாதம் 15 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. தீர்ப்பு வரை செல்லாததால் இவை குற்றச்சாட்டுகள் என்ற அளவிலேயே நிற்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முக்கியமான ஐந்து வினாக்களை மட்டும் நெட்டுருப் போட்டுத் தேர்வுக்குச் செல்லும் மாணவனை நாம் அறிவோம். அவனைக் குறை கூறுவதோடு, ஆண்டுதோறும் அதே ஐந்து வினாக்களைக் கேட்பவரையும் சிறிது கேட்க வேண்டும். மாதிரிக் கட்டுகளை வெளியிடுவது கற்பிப்பதற்கு நல்லது. அதே மாதிரிகளை ஒட்டிய தரவைக் கொண்டு, நிறுவனத்தாரே செய்து காட்ட, அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பது சோதனையாகாது. இந்த நோய் எந்த நாட்டையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கர்கள் பிற்பாடு உருவாக்கிய 'இன்ஃபெர்னோ' என்னும் சோதனைக் கருவி மிகவும் கடுமையானது. அதன் நிரல் யாவர்க்கும் திறந்தது. ஆயினும் எந்தெந்த நோயாளிகளின் பதிவைக் கொண்டு சோதிப்பது என்பதை அதிலும் சோதிக்கப்படுபவரே எண் கொடுத்துத் தொடங்குகிறார். மாதிரி எடுக்கும் கோனை நூற்றவரே நீட்டுகிறார்.

கோன் யார் கையில் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு நுட்பமான சான்று தருகிறேன். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபயர் மொழியில் சர்வரைப் பார்த்து, இன்ன நோயாளியின், இன்ன தேதிக்குப் பிந்தைய ஆய்வு முடிவுகளைத் தருக என்று கேட்கலாம். தனக்குப் புரியாத நிபந்தனை ஏதேனும் கேள்வியில் இருந்தால், பிழை என்று மறுக்காமல் அதைப் புறக்கணித்துவிட்டு விடை தருவதற்கு வரையறை இடமளிக்கிறது. உண்மையில் எந்த நிபந்தனைகளைப் பின்பற்றினேன் என்று சர்வர் விடையோடு திருப்பிச் சொல்ல வேண்டும்; அதைப் படித்துப் பார்க்கும் மென்பொருள் குறைவு. இப்போது நோயாளி என்ற நிபந்தனையையே புறக்கணிக்கும் பழுதான சர்வர் ஒன்றைக் கற்பனை செய்வோம். அது எல்லாருடைய முடிவுகளையும் அள்ளித் தரும். ஆனால் சோதனைக் களத்தில் இருப்பது ஒரே ஒரு கற்பனை நோயாளி என்றால்? விடை மிகச் சரியாக இருக்கும்! நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு அந்தச் சர்வர் ஆயிரம் படுக்கை மருத்துவமனைக்குள் நுழையும். இரண்டாவது கற்பனை நோயாளியைச் சேர்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

நம் மண்ணுக்கே உரிய சோதனைகளும் உள்ளன. அவற்றை மேலைநாட்டுக் கருவிகள் கேட்கமாட்டா. நம் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே உண்டு. ஃபயரில் பெயருக்கு முழுத்தொடராக எழுத ஒரு கட்டமும், குடும்பப் பெயர், இட்ட பெயர் என்று பிரித்தெழுதக் கட்டங்களும் உள்ளன. ஒரு மருத்துவமனை 'ரா.' என்பதைக் குடும்பப் பெயராக எழுதும். இன்னொன்று முத்துச்சாமியையே குடும்பப் பெயராக்கும். மூன்றாவது முழுத்தொடரை மட்டும் நிரப்பும். மூன்றும் இணக்கமானவை. ஆனால் குடும்பப் பெயரைக் கொண்டு தேடினால் மூன்றும் மூன்று ஆட்கள்.

தமிழ் எழுத்தில் பெயரை எழுதினால் இன்னும் வேடிக்கை. 'கோ' என்பதைக் கணிப்பொறி இரு வகையாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம்; இரட்டைக் கொம்பும் காலும் ஆகிய இரு எண்களாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. அவ்விதியைச் செயற்படுத்தாத சர்வரில் கோவிந்தன் இருவர். ஐரோப்பியப் பெயர்களின் மேலுள்ள உச்சரிப்புக் குறிகளைப் பொருட்படுத்தாமல் தேட வேண்டும் என்பது ஃபயரின் நெறி. அதற்காகப் பல நிரலாளர்கள் கையாளும் வழி, இடம் பிடிக்காத ஒட்டுக் குறிகள் என்று யூனிகோடு வகைப்படுத்தியவற்றை எல்லாம் உதிர்த்துவிடுவது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகையில் வருகின்றன. உதிர்த்தால் சீதா என்பவர் சதா ஆகிவிடுவார். மீனா மனா ஆவார். ஆங்கில எழுத்துப் பெயர்களை மட்டும் வைத்து ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தப் பழுது தலை காட்டாது.

பிறந்த தேதியையும் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் முதியோர் பலருக்குப் பிறந்த ஆண்டு மட்டுமே தெரியும், அதுவும் ஏறத்தாழ. ஃபயர் இதை அறிந்து, ஆண்டு மட்டும், ஆண்டும் மாதமும், முழுத்தேதி ஆகிய மூன்றையும் ஏற்கிறது. ஆபா எண்ணுக்கும் ஆண்டு போதும். ஆனால் பெறுகிற இடத்தில் முழுத்தேதியையே எதிர்பார்க்கும் கட்டம் இருந்தால் என்ன ஆகும்? 2021 செப்டம்பரில் பிரிட்டன் நம் தடுப்பூசிச் சான்றிதழை ஏற்கத் தயங்கியபோது, நாடே இதைப் பார்த்தது. கோவிஷீல்டு ஊசியை ஏற்கிறோம், சான்றிதழில்தான் சிக்கல் என்றார்கள். பேசப்பட்ட காரணங்களுள் ஒன்று, 'கோவின்' சான்றிதழில் வயது இருந்ததே தவிர முழுமையான பிறந்த தேதி இல்லை என்பது. வெளிநாடு செல்வோருக்கு முழுத்தேதியைச் சேர்த்துக்கொள்ளும் வசதி பின்னர் செய்யப்பட்டது. அக்டோபர் 11 முதல் பிரிட்டனும் ஏற்றுக்கொண்டது. அரசியல் இருந்ததா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். கோடிக்கணக்கான சான்றிதழ்களை வழங்கிய சிறந்த அமைப்பு ஒன்று, பெறுபவர் எதைப் படிப்பார் என்று முன்கூட்டி ஒத்திகை பார்க்கவில்லை என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

பெறுபவரைச் சோதிப்பது என்ற இந்த இடத்தில்தான் நம் மூன்று படிகளில் உள்ள பெரிய ஓட்டை தெரிகிறது. இரண்டாம் படி அனுப்புவது. மூன்றாம் படி பெற்றுக் காட்டுவது. இரண்டாவதோடு நின்றுவிட்டவரும் இணைந்தவரே. அனுப்புபவர் பெருகிப் படிப்பவர் குறைந்தால், தபால் பெட்டிகள் நிறைந்தும் தபால்காரர் இல்லாத ஊர் போலாகிவிடும். மூன்றாம் படியிலும், வந்த கட்டு திரையில் தோன்றியதா என்று பார்ப்பதோடு விட்டுவிடாமல், திரையைப் பார்த்த மருத்துவர் அனுப்பிய மருத்துவர் எண்ணியதையே எண்ணினாரா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரி உண்டு. மருத்துவக் கருவிகளையும் மென்பொருள்களையும் ஒருங்கிணைக்கும் 'ஐ.எச்.இ.' என்னும் அமைப்பு 1999 முதல் 'கனெக்டத்தான்' எனப்படும் கூட்டங்களை நடத்தி வருகிறது. பல நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே கூடத்தில் தங்கள் பொறிகளோடு கூடுவார்கள். மாதிரி வினாத்தாளுக்கு விடை எழுதினால் அங்கே போதாது. போட்டி நிறுவனங்களின் பொறிகளோடு உண்மையாகப் பேசிக் காட்ட வேண்டும். மூன்று வெவ்வேறு நிறுவனங்களோடு என்பது வழக்கமான விதி. நடுவர்கள் இரு பக்கமும் பார்த்துக் குறித்துக்கொள்வர். எதிரே இருப்பவர் உங்கள் பிழையை மூடி மறைக்க வேண்டிய தேவை இல்லாதவர் என்பதே இந்த முறையின் அழகு. அமெரிக்க அரசும் 2022 முதல், சான்று பெற்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை உண்மை மருத்துவச் சூழலில் சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்று விதித்தது. கோவை போன்ற ஓர் ஊரில் பொறியியற் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, மருத்துவமனைகளுக்கும் பஞ்சமில்லை. ஆண்டுக்கு இரண்டு நாள் ஒரு கல்லூரி மண்டபத்தில் இத்தகைய கூட்டம் நடத்தப் பெரும் செலவும் ஆகாது.

நம் திட்டத்தில் இணைந்த நிறுவனங்களின் பட்டியலும் அவை முடித்த படிகளும் வெளியிடப்படுகின்றன. எத்தனை வகைக் கட்டுகளைக் கொண்டு சோதித்தனர், தவறான கட்டை வேண்டுமென்றே அனுப்பியபோது சர்வர் மறுத்ததா விழுங்கியதா, ஆண்டு மட்டும் உள்ள பிறந்த தேதியை என்ன செய்தது என்பவையும் அதே பட்டியலில் வந்தால், ஒரு மருத்துவமனை மென்பொருள் வாங்கும்போது விலையோடு இதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பம்புசெட் வாங்கும் விவசாயி எத்தனை அடி உயரத்திற்கு எவ்வளவு நீர் என்று தகட்டில் படித்துப் பார்த்துத்தானே வாங்குகிறார்!

இக்கட்டுரையில் சொன்னவற்றுள் பெரும்பகுதியை மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். ஃபயர் சரிபார்ப்பு நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. 'ஹாப்பி' என்ற பெயரில் யாரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட சோதனைச் சர்வரும் இணையத்தில் உண்டு. அதில் சீதா, சதா என்று இரு கற்பனை நோயாளிகளைத் தமிழ் எழுத்தில் பதிவு செய்யுங்கள். ஒருவருக்கு முழுப் பிறந்த தேதியும் மற்றவருக்கு ஆண்டு மட்டும் கொடுங்கள். கோவிந்தன் என்ற மூன்றாமவரை இரு வகை ஓகாரத்தாலும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவரையும் பெயரால் தேடி, எத்தனை பேர் திரும்பி வருகின்றனர் என்று குறித்து வையுங்கள்; இல்லாத ஒரு நிபந்தனையைச் சேர்த்துக் கேட்டு, சர்வர் மறுக்கிறதா என்றும் பாருங்கள். உண்மையான ஆட்களின் விவரம் எதையும் மட்டும் அங்கே பதிந்துவிட வேண்டாம்; அது எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடம்.